முதுகு காட்டிப் பாடியவர்கள்

சார்டினியாத் தீவின் நடுமலைப் பகுதிக்குப் பார்பாஜா என்று பெயர். அங்கே ஆட்டு மயிர் கத்தரிக்கும் நாள் என்றால் விருந்து நாள். வேலை ஓய்ந்து, சாப்பாடு முடிந்து, ஒயின் இரண்டு சுற்று வந்த பிறகு நான்கு ஆண்கள் எழுந்து நிற்பார்கள். தோளோடு தோள் உரச, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி ஒரு சிறு வட்டம். ஒருவர் கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பாட்டை எடுப்பார். மற்ற மூவரும் தொண்டையை உருட்டி எழுப்பும் கனத்த ஒலியோடு வந்து சேர்ந்துகொள்வார்கள். சுற்றி இருப்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் நான்கு முதுகுகள். அதை மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொண்டதில்லை. அவர்கள் தங்களுக்குள் பாடிக்கொண்டார்கள், பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு.

கான்டு அ தெனோரே எனப்படும் இந்த நால்வர் பாட்டு இன்று ஐரோப்பாவின் இசை விழாக்களில் டிக்கெட் வாங்கிக் கேட்கும் கலை. மேடையேறிய குழுக்களில் பல, வட்டத்தைக் கொஞ்சம் திறந்து பிறை வடிவில் நிற்கின்றன. காசு கொடுத்து வந்தவருக்கு முகம் காட்ட வேண்டுமே! இந்த மாற்றத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் சார்டினியாவிலும் உண்டு. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. தீவின் பாட்டும் கதையும் கடல் தாண்டியபோது எது கூடவே போனது, எது துறைமுகத்திலேயே நின்றுவிட்டது என்பதுதான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது.

நான்கு குரல்களில் சொல்லைச் சொல்கிறவர் ஒருவரே. அவருக்குப் போகே என்று பெயர். மெசு போகே மேலே மெல்லிதாக இழைவார். கோன்ட்ரா, பஸ்ஸு என்ற இரு கீழ்க்குரல்களும் அடித்தளம். இந்த மூவரும் பாடுவதில் பொருளே கிடையாது. பிம், பாம், போ என்கிற மாதிரி வெறும் அசைகள். பஸ்ஸு பாடுகிறவரைப் பக்கத்தில் நின்று கேட்டால் மனிதர்தானா என்று சந்தேகம் வரும். குரல்நாண்களுக்குச் சற்று மேலே இருக்கும் பொய்நாண்கள் எனப்படும் மடிப்புகளையும் அவர் அதிரவைக்கிறார். நாண்கள் இரண்டு முறை அதிரும் நேரத்தில் மடிப்புகள் ஒரு முறை அதிர்கின்றன. அதனால் அவர் எடுத்த சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு கனத்த ஒலி கேட்கிறது. துவா, மங்கோலியா மேய்ச்சல்காரர்களின் தொண்டைப் பாட்டிலும் இதே வித்தைதான். ஊர்க்காரர்களுக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. பஸ்ஸு மாட்டின் குரல், கோன்ட்ரா ஆட்டின் குரல், மெசு போகே காற்று என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மாதக்கணக்கில் மந்தையோடு மலையில் கிடந்தவர்கள் சொன்னது. மறுத்துப் பேச எனக்குத் துணிவில்லை.

ஆனால் ஊரில் இந்தப் பாட்டை எடைபோட்டது குரலை மட்டும் வைத்தல்ல. போகே என்ன கவிதையை எடுக்கிறார், யாருடைய கவிதை, எந்த இடத்தில் எதைப் பாடுகிறார் என்பதில்தான் மரியாதை இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஆட்டிடையர்கள் நூற்றுக்கணக்கான செய்யுள்களை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். மக்கோமேர் ஊரின் பார்வையற்ற கவிஞர் மெல்கியோர்ரே முரேனு, தோனாராவின் பெப்பினோ மெரேயு போன்றவர்களின் பாட்டுகள் புத்தகக் கடை வழியாக அல்ல, வாய் வழியாகத்தான் ஊர் ஊராகப் பரவின.

தீவை விட்டு வெளியே போன முதல் சரக்கும் சொல்தான் என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். 1790-களில் நிலப்பிரபுக்களை எதிர்த்துச் சார்டினியாவில் எழுந்த கலகத்தின்போது பிரான்செஸ்கோ இக்னாட்சியோ மன்னு என்ற வழக்கறிஞர் 47 செய்யுள்களில் ஒரு பாட்டு எழுதினார். பிரபுக்களே, கொடுமையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று எச்சரிக்கும் பாட்டு. உள்ளூரில் அச்சிட முடியாமல் பக்கத்துக் கோர்சிகாவில் ரகசியமாக அச்சாகித் தீவுக்குள் வந்தது என்பார்கள். 1849-இல் ஜான் வார் டின்டேல் என்ற ஆங்கிலேயர் சார்டினியாவைப் பற்றி எழுதிய நூலில் அதை ஆங்கிலத்தில் தந்தார். அதைப் படித்த லண்டன்காரர்களுக்கு பஸ்ஸு என்றால் என்னவென்றே தெரியாது. சொல் போனது, குரல் போகவில்லை. ஒலிப்பதிவு வந்த பிறகு கதை தலைகீழானது. இன்று லண்டன்காரருக்குக் குரல் நன்றாகத் தெரியும்; என்ன சொல்கிறார்கள் என்பதுதான் தெரியாது.

சொல்லுக்காகவே நடந்த கலை ஒன்று உண்டு. ஊர்த் திருவிழா இரவில் சதுக்கத்தில் மேடை போட்டு நடக்கும் கவிஞர் போட்டி. சுத்தமான எசப்பாட்டு. 1896 செப்டம்பரில் ஒட்சியேரி ஊரில் அந்தோனியோ குபெத்து என்ற கவிஞர் அதற்கு ஒரு முறையான வடிவம் கொடுத்தார். விழாக் குழு பொருளைத் தேர்ந்தெடுத்துச் சீட்டுக் குலுக்கிப் போடும். நிலம் ஒருவருக்கு, கடல் மற்றவருக்கு என்கிற மாதிரி. உனக்கு விழுந்த பக்கத்துக்காக நீ வாதாட வேண்டும்; மனசுக்குள் எதிர்க்கட்சியாக இருந்தாலும் சரி. எட்டடிச் செய்யுளில் அந்த இடத்திலேயே கட்டிப் பாட வேண்டும், எதுகை பிசகக் கூடாது, எதிராளி விட்ட அம்பைப் பிடித்துத் திருப்பி எறிய வேண்டும். இடையில் துணைக்குரல்கள் அசைகளால் நிரப்பும் சில வினாடிகள்தான் அடுத்த அடியை யோசிக்கக் கிடைக்கும் அவகாசம். இப்படியே மூன்று மணி நேரம் போகும். கூட்டம் நாற்காலியை விட்டு நகராது. 1930-களில் பாசிச ஆட்சி சில ஆண்டுகள் இந்தப் போட்டிகளைத் தடை செய்தது. இரண்டு பேர் மேடையேறி எதைச் சொல்வார்கள் என்று முன்கூட்டியே தெரியாத ஒன்றை அந்த ஆட்சி எப்படிப் பொறுத்துக்கொள்ளும்? தடை நீங்கிய பின் வில்லனோவா மொன்தெலேயோனே ஊரின் ரெமுண்டு பிராஸ் போன்றவர்கள் மேடைக்குத் திரும்பினார்கள். டேப் ரெக்கார்டர் மலிவானதும் ரசிகர்கள் மேடைக்கு அடியில் ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்கள்.

இந்தக் கலை மட்டும் அயல்நாட்டு ரசிகரிடம் எடுபடவில்லை. மொழி தெரியாதவருக்கு இரண்டு வயதானவர்கள் நின்று ஒரே மெட்டில் மாற்றி மாற்றிப் பாடுவதாகத்தான் தெரியும். மொழிபெயர்த்துத் திரையில் ஓட்டலாம் என்றால், அந்த நொடியில் பிறக்கும் கவிதையை அந்த நொடியில் யார் மொழிபெயர்ப்பது? அப்படியே ஓட்டினாலும், எதிராளியின் சொல்லைக் கொண்டே அவரை மடக்கியதில் இருக்கும் குறும்பு எந்த மொழிக்கும் தாவாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சார்டினியர்கள் பிழைப்புத் தேடிக் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள்: டூரின், மிலான் ஆலைகளுக்கு, பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு, ஜெர்மனிக்கு, சுவிட்சர்லாந்துக்கு. போன இடத்திலெல்லாம் சங்கம் வைத்தார்கள். ஊரிலிருந்து கவிஞர்களையும் பாடகர்களையும் வரவழைத்தார்கள். 'வெளிநாட்டு ரசிகர்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதில் இரண்டு கூட்டம் இருக்கிறது. ஒன்று, ஒவ்வோர் எதுகையையும் முன்கூட்டியே ஊகித்துச் சிரிக்கும் சுரங்கத் தொழிலாளி. இன்னொன்று, கண்ணை மூடிக்கொண்டு ஒலியில் மிதக்கும் விழா ரசிகர். முதல் கூட்டத்தின் பேரப்பிள்ளைகள் மெல்ல இரண்டாம் கூட்டத்தில் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

அந்த இரண்டாம் கூட்டத்தைப் பெரிதாக்கியவர்களில் முதலிடம் பிட்டி என்ற மலையூரின் குழுவுக்கு. தங்கள் ஊர்க் கவிஞர் ஒருவரின் பெயரை வைத்துக்கொண்டு, ரெமுன்னு எ லோக்கு என்று 1970-களில் தொடங்கியவர்கள். பீட்டர் கேப்ரியேலின் ரியல் வேர்ல்ட் நிறுவனம் 1996-இல் அவர்களுடைய இசைத்தட்டை வெளியிட்டது. ஓர் ஊர் மதுக்கடையில் நின்று பாடிய பாட்டு உலகெங்கும் இசைத்தட்டுக் கடைகளில் அடுக்கப்பட்டது. ஓரோசேய் ஊரின் குழு போனது இன்னும் விசித்திரமான இடத்துக்கு. டச்சு செல்லோக் கலைஞர் எர்ன்ஸ்ட் ரைசெகர், செனகல் பாடகர் மோலா சில்லா இருவரோடும் சேர்ந்து அவர்கள் பாடிய இசையை வெர்னர் ஹெர்சாக் 2005-இல் வந்த தன் அறிவியல் புனைகதைப் படத்தில் வைத்தார். விண்கலத்துக்குள் மிதக்கும் மனிதர்கள், அண்டார்க்டிகாவின் பனிக்கு அடியில் நீந்தும் முக்குளிப்பவர்கள். பின்னணியில் சார்டினியக் குரல்கள். சொல் முழுக்க உதிர்ந்து வெறும் ஒலியாக நிற்கும்போது அது எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. படம் எனக்குப் பிடிக்கும். அந்த ஓரோசேய் ஆட்கள் முதல்முறை அதைத் திரையில் பார்த்தபோது தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வதும் உண்டு.

சொல்லே இல்லாத லௌனெட்டாஸுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. மூன்று நாணல் குழல்களை ஒரே வாயில் வைத்து, மூச்சை நிறுத்தாமல் ஊதும் கருவி. ஒன்று இடைவிடாத சுருதி, மற்ற இரண்டும் மெட்டு. தேன்மெழுகை அப்பிச் சுருதி சேர்ப்பார்கள். மூக்கால் காற்றை இழுத்துக்கொண்டே கன்னத்தில் சேர்த்த காற்றை வெளியே தள்ள வேண்டும். இதைப் பழக்கப் பிள்ளைகளின் கையில் ஒரு தண்ணீர்க் குவளையும் வைக்கோல் தண்டும் கொடுத்து, குமிழி நிற்காமல் ஊது என்பார்கள். மூன்று குழலோடு உட்கார்ந்திருக்கும் மனிதனின் வெண்கலச் சிலை ஒன்று காலியாரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோமானியர்களுக்கு முந்திய நுராகிக் காலத்தது. அவ்வளவு பழைய கருவிக்கு வாழ்வளித்தது ஓர் எளிய ஒப்பந்தம். ஞாயிற்றுக்கிழமை நடனத்துக்கு ஊர் இளவட்டங்கள் காசு சேர்த்து வாசிப்பவரை ஆண்டுக் கணக்கில் அமர்த்திக்கொள்வார்கள். அக்கார்டியன் வந்ததும், ஆட்டத்தின் பாணி மாறியதும், ஒப்பந்தம் போனது. டென்மார்க்கின் ஆந்திரயாஸ் பென்ட்சோன் என்ற இளம் ஆய்வாளர் 1950-களின் இறுதியில் வந்தபோது எஞ்சியிருந்தவர்கள் சில கிழவர்கள்தான். போட்டியாளன் திருடிவிடுவான் என்று அஞ்சி, சொந்தச் சீடனிடம்கூட மெட்டுகளை மறைத்துவைத்தவர்கள் அவர்கள். ஆண்டுக்கணக்கில் எடுபிடி வேலை செய்த சீடனுக்குக் கிடைக்காத நுணுக்கங்களை டேப்போடு வந்த அயல்நாட்டான் வாங்கிக்கொண்டு போனான். அவருடைய நூல் 1969-இல் கோபன்ஹேகனில் ஆங்கிலத்தில் வந்தது. தீவின் இளைஞர்கள் தங்கள் கருவியின் இலக்கணத்தைத் தெரிந்துகொள்ள அந்த டேனிஷ்காரரின் நூலைத் தேடிப்போக வேண்டியிருந்தது. பழைய ஆசான்களிடம் பயின்ற லுயிஜி லாய், வேலைக்காகச் சுவிட்சர்லாந்து போய்த் திரும்பியவர். 1977-இல் ஆஞ்செலோ பிரான்துவார்தியின் இசைத்தட்டில் வாசித்து இத்தாலிய இளைஞர்களின் காதுக்குள் இந்தக் கருவியைக் கொண்டு போனார்.

பெண் குரல் வெளியே போனது மரியா கார்தா வழியாக. 1934-இல் சிலிகோ என்ற சிற்றூரில் பிறந்து, சிறு வயதில் தகப்பனை இழந்து, கூலி வேலை பார்த்து வளர்ந்தவர். தாலாட்டு, ஒப்பாரி, பக்திப் பாட்டு என்று வீட்டுக்குள்ளும் கோயிலிலும் மட்டும் கேட்டவற்றை ரோம் மேடைக்குக் கொண்டுவந்தார். உலகம் அவர் முகத்தைப் பார்த்தது வேறு விதமாக: 1974-இல் வந்த 'காட்பாதர்' இரண்டாம் பாகத்தில் சிறுவன் விட்டோவின் தாயாக வருபவர் இவர்தான். ஒரு சார்டினியப் பாடகியைச் சிசிலித் தாயாகப் பார்த்த கோடிக்கணக்கானவர்களில் அவர் பாட்டைக் கேட்டவர்கள் எத்தனை பேர்!

இனி கதைகளுக்கு வருவோம். மலையூர் வீடுகளில் அடுப்பு, அறைக்கு நடுவே தரையில் இருக்கும். புகைபோக்கி கிடையாது, புகை ஓட்டு இடுக்கு வழியாகத்தான் போகும். பனிக்காலத்தில் இடையர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு சமவெளிக்கு இறங்கிவிடுவார்கள். வீட்டில் கிழவிகளும் பெண்களும் பிள்ளைகளும்தான் மிச்சம். அந்த அடுப்பைச் சுற்றித்தான் கதை. பாறையில் குடைந்த வரலாற்றுக்கு முந்திய கல்லறைகளில் குடியிருந்து, தங்கத் தறியில் நெய்யும் குட்டித் தேவதைகள். அவர்களுக்கு ஜானாக்கள் என்று பெயர். இரவில் ஈயாக உருமாறி வந்து பச்சைக் குழந்தையின் ரத்தத்தை உறிஞ்சும் சூர்பிலே. அவளைத் தடுக்கக் கட்டிலுக்கு அடியில் பல்லுள்ள அரிவாளை வைத்தால் போதும். வந்தவள் பற்களை எண்ண உட்கார்ந்துவிடுவாள். ஏழுக்கு மேல் எண்ணத் தெரியாததால் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்குவாள். அதற்குள் பொழுது விடிந்துவிடும். கோடை நண்பகலில் வெளியே திரியும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் வரவைக்கும் சூரியனின் தாயும் உண்டு.

இந்தக் கடைசிக் கதை வெறும் பூச்சாண்டி என்று நினைக்க முடியவில்லை. நூற்றாண்டுகளாக மலேரியா வாட்டிய தீவு அது. காய்ச்சலுக்கு ஒரு முகம் இருந்தால்தான் பிள்ளை வீட்டுக்குள் இருக்கும். 1946 முதல் 1950 வரை ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு தீவு முழுக்க டி.டி.டி. தெளித்தார்கள்; மலேரியா ஒழிந்தது. மின்விளக்கும் தொலைக்காட்சியும் வந்தன. சூரியனின் தாய்க்கு வேலை போய்விட்டது. இன்று அவள் படக்கதைப் புத்தகங்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் அழகான பாத்திரம். ஜானாக்களின் கல்லறைகள் 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின.

கதைகள் கடல் தாண்டியது பாட்டுக்கு நேர் எதிரான வழியில். பாட்டு சொல்லை விட்டுவிட்டு ஒலியோடு போனது. கதை தன் மொழியை விட்டுவிட்டுப் பொருளோடு போனது. அதைச் செய்தவர் நுவோரோவின் கிராசியா டெலெடா. தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றுபோன அந்தப் பெண், 1890-களில் தன் ஊரின் வழக்கங்களையும் நம்பிக்கைகளையும் சேகரித்து ஒரு நாட்டாரியல் இதழுக்கு அனுப்பினார். பிறகு அதே மண்ணை நாவல்களாக்கினார், இத்தாலிய மொழியில். 1926-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஊர்க்காரர்கள் பலருக்கு அவர்மேல் கோபம். நம் வீட்டு விஷயத்தை ஊர் சிரிக்க எழுதுகிறாளே என்று. அடுப்படிக் கதைக்கு நாலு சுவர் இருந்தது, அச்சுக்கு அது கிடையாது என்பதை உலகத்துக்கு முன்னால் உணர்ந்தவர்கள் அவர்கள்தான். இன்று அதே நுவோரோவில் அவர் பிறந்த வீடு அருங்காட்சியகம். பக்கத்து மலையூரான காவோயில் 2004 முதல் ஆண்டுதோறும் கதைத் தீவு என்ற பொருள்படும் பெயரில் இலக்கிய விழா நடக்கிறது. பல நாட்டு எழுத்தாளர்கள் அங்கே வந்து கதை சொல்கிறார்கள், பெரும்பாலும் இத்தாலிய மொழி வழியாகத்தான்.

சார்டினிய மொழியின் நிலை கவலைக்கிடம். 1999-இல் இத்தாலிய நாடாளுமன்றச் சட்டம் அதைச் சிறுபான்மை மொழியாக ஏற்றுக்கொண்டது. ஆனால் வீட்டில் பிள்ளைகளோடு பேசுவது குறைந்துகொண்டே வருகிறது. இதில் ஒரு வேடிக்கை: மொழி தேயத் தேய நால்வர் பாட்டுக்கு இளைஞர்கள் சேர்கிறார்கள். 2005-இல் யுனெஸ்கோ இந்தப் பாட்டை மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது, 2008-இல் பட்டியலில் சேர்த்தது. சுற்றுலா மேடை பாட்டு வகைகளைக் குறைத்துவிடும், நெருக்கத்தைக் கெடுத்துவிடும் என்று அப்போதே எச்சரிக்கையும் கொடுத்தது. வெளிநாட்டுக் கைதட்டலுக்குப் பிறகுதான் உள்ளூரில் பலருக்கு இது கிழவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் மாறியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆண்களே பாடிவந்த பாட்டைப் பாடப் பெண்கள் குழுக்களும் முளைத்திருக்கின்றன. அதைப் பற்றிய சண்டையும் கூடவே முளைத்திருக்கிறது. பிட்டியில் இந்தப் பாட்டுக்கென்றே ஒரு பல்லூடக அருங்காட்சியகம் இருக்கிறது. ஊருக்கு ஊர் பாணி எப்படி மாறுகிறது என்று வருகிறவர் அங்கே கேட்டுப் பார்க்கலாம். முன்பெல்லாம் அதற்கு ஊர் ஊராக மதுக்கடை ஏற வேண்டும்.

வெளிநாட்டு மேடையில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. ஊரில் ஆண்களின் பாட்டு மதுக்கடையிலும், பெண்களின் கதை அடுப்படியிலும் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் இருந்தன. பாட்டுக்கு முன்னுரை சொல்லும் வழக்கமே இல்லை; தெரியாத ஆள் அங்கே யார் இருந்தார்கள்? அயல் மேடையில் அப்படி முடியாது. மன்னுவின் பாட்டை எடுப்பதற்கு முன்னால் பிரபுக்கள் யார், கலகம் எப்போது, கோர்சிகாவில் அச்சிட்டது ஏன், 2018-இல் அதுவே தீவின் அதிகாரபூர்வ கீதமானது எப்படி என்று குழுவில் ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொல்லியாக வேண்டும். சொல்லச் சொல்ல அதில் பாட்டியின் கதை நுழைகிறது, ஆட்டு மந்தை நுழைகிறது, ஒரு பகடி நுழைகிறது. 47 செய்யுளையும் பாட நேரம் இல்லை. நாலைந்தைப் பாடிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். சில இரவுகளில் பாட்டைவிடக் கதை நீண்டுவிடுகிறது. மண்டபத்தில் அதற்கும் நல்ல கைதட்டல்.